எந்தப் பக்கமும் சேராதவர்கள்: பென்சில்வேனியா விவசாயிகளும் அமெரிக்கச் சுதந்திரப் போரும்

ஊரில் இரண்டு பங்காளிகளுக்குள் வரப்புத் தகராறு முற்றிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு இருவருமே வேண்டியவர்கள். ஒருநாள் மூத்தவன் வந்து, "நாளைக்குக் கம்போடு வந்துடுங்க" என்கிறான். அடிதடிக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிடுகிறீர்கள். "சரி, வர வேண்டாம். செலவுக்கு ஆளுக்கு ஐந்நூறு போடுறோம், அதையாவது கொடுங்க" என்கிறான். அதையும் மறுக்கிறீர்கள். "பணமும் வேண்டாம். எங்க பக்கம்தான் நியாயம்னு இந்தத் தாளில் ஒரு கையெழுத்துப் போடுங்க, போதும்." அதற்கும் மாட்டேன் என்றதும், தொழுவத்தில் நின்ற மாட்டை அவிழ்த்துக்கொண்டு போய்விடுகிறான். மறுநாள் இளையவன் வந்து நிற்கிறான்: "அண்ணனுக்கு மாடு கொடுத்தீங்களாமே?"

ஆள், பணம், கையெழுத்து, பொருள். நான்கும் வேறு வேறு கேள்விகள். 'நடுநிலை' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அதைக் கடைப்பிடிப்பவர் இந்த நான்குக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லியாக வேண்டும். பிரிட்டிஷ் அரசரின் ஆட்சியை எதிர்த்து அமெரிக்கக் காலனிகள் 1775 முதல் 1783 வரை நடத்திய சுதந்திரப் போரில், பென்சில்வேனியாவின் பண்ணைக் கிராமங்களில் இருந்த சில கிறிஸ்தவ சபையாருக்கு நேர்ந்தது இதுதான். அவர்களைக் கோழைகள் என்பார்கள், ராஜாவின் ரகசிய ஆட்கள் என்பார்கள், உலகம் தெரியாத அப்பாவிகள் என்பார்கள். மூன்றும் சரியில்லை என்பது என் கருத்து. இரண்டாவதில் மட்டும் கொஞ்சம் உண்மை உண்டு, அதற்கு அப்புறம் வருகிறேன்.

யார் இவர்கள்?

1681இல் இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லஸ், வில்லியம் பென் என்பவரின் தந்தைக்குத் தர வேண்டியிருந்த கடனுக்கு ஈடாக அமெரிக்காவில் ஒரு பெரும் நிலப்பரப்பை மகனுக்கு எழுதிக் கொடுத்தார். அதுதான் பென்சில்வேனியா. பென் ஒரு குவேக்கர். குவேக்கர்கள் 1650களில் இங்கிலாந்தில் தோன்றிய சபையார். போர் எந்தக் காரணத்துக்காக என்றாலும் தவறு என்பவர்கள். தன் காலனியில் மத நம்பிக்கைக்காக யாரையும் துன்புறுத்துவதில்லை என்று பென் உறுதி கொடுத்தார்.

அந்தச் செய்தி ஐரோப்பாவில் பரவியது. அங்கே தலைமுறை தலைமுறையாக அடிபட்டுக்கொண்டிருந்த ஜெர்மன் மொழிச் சபையார் கப்பலேறி வந்தார்கள். மெனோனைட்டுகள் 1710 முதல் லங்காஸ்டர் பகுதியில் காடு திருத்திப் பண்ணை போட்டார்கள். அவர்களுக்கு உறவான ஆமிஷ் மக்கள் வந்தார்கள். தண்ணீரில் முழுக்கி ஞானஸ்நானம் கொடுப்பதால் டங்கர் என்று பெயர்பெற்ற சபையார் 1719இல் வந்தார்கள். மொரேவியன் சபையார் 1741இல் பெத்லகேம் என்ற ஊரையே உண்டாக்கினார்கள். (இதே மொரேவியன் சபையார் 1760இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து, ஒரு தோட்டம் அமைத்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார்கள். உலகம் சின்னதுதான்.)

பென்சில்வேனியாவில் 1777 வரை கட்டாய ஊர்ப்படைச் சட்டம் கிடையாது. ஊர்ப்படை என்பது, உழுதுகொண்டிருக்கும் ஆண்களையே பெயர் பதிந்து, அவ்வப்போது பயிற்சி கொடுத்து, தேவைப்படும்போது போருக்குக் கூப்பிடும் ஏற்பாடு. மற்ற காலனிகளில் இது சகஜம். இங்கே அது இல்லாமலே இரண்டு மூன்று தலைமுறைகள் வளர்ந்துவிட்டன.

மறு கன்னத்தைக் காட்டுவது என்றால்

இந்தச் சபையாரின் நம்பிக்கைக்கு 'எதிர்த்து நில்லாமை' என்று பெயர். இயேசுவின் மலைப்பிரசங்கத்தில் வரும் "தீமையோடு எதிர்த்து நிற்கவேண்டாம்" என்ற வரியிலிருந்து வந்தது. மறு கன்னத்தைக் காட்டுவது பற்றி நாம் எல்லோரும் பேசுவோம். இவர்கள் அதைச் சட்டம்போல எடுத்துக்கொண்டார்கள். அரசாங்கம் வாள் பிடிக்கலாம், அது கடவுள் அதற்குக் கொடுத்த வேலை. கிறிஸ்துவின் சீடன் பிடிக்கக் கூடாது. அவ்வளவுதான் கொள்கை.

இதற்கு என்ன விலை என்பதை ஒரு வீட்டில் பார்க்கலாம். பெர்க்ஸ் மாவட்டத்தில் நார்த்கில் என்ற ஆமிஷ் குடியிருப்பு. பிரிட்டிஷாருக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கும் நடந்த முந்தைய போரின்போது, 1757 செப்டம்பரில் ஓர் இரவு, பிரெஞ்சுக்காரர்களோடு கூட்டுச் சேர்ந்திருந்த பூர்வகுடிப் போர்வீரர்கள் யாக்கோப் ஹோஸ்டெட்லர் என்பவரின் வீட்டைச் சூழ்ந்துகொண்டார்கள். குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லிவந்த கதைப்படி, வீட்டில் துப்பாக்கிகள் இருந்தன. மகன்கள் வேட்டையில் குறி தவறாதவர்கள். அவர்கள் துப்பாக்கியை எடுத்ததும் அப்பா தடுத்துவிட்டார்: நம் உயிரைக் காக்க இன்னொருவர் உயிரை எடுக்கக் கூடாது. வீடு எரிந்தது. மனைவியும் ஒரு மகனும் ஒரு மகளும் கொல்லப்பட்டார்கள். அவரையும் மற்ற இரண்டு மகன்களையும் சிறைபிடித்துக் கொண்டுபோனார்கள். மூவரும் வெவ்வேறு காலத்தில் தப்பியோ விடுபட்டோ ஊர் திரும்பினார்கள்.

இதைச் சரி என்பீர்களோ, தவறு என்பீர்களோ, கோழைத்தனம் என்று மட்டும் சொல்ல முடியாது. துப்பாக்கி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

ஆள்: கொஞ்சம் சுலபமான கேள்வி

1775இல் போர் தொடங்கியதும் ஊர் ஊராகத் தன்னார்வப் படைகள் திரண்டன. அதில் பெயர் கொடுத்தவர்களுக்கு 'சேர்ந்தவர்கள்' என்று பெயர். மற்றவர்கள் எல்லோரும், காரணம் எதுவானாலும், 'சேராதவர்கள்'. அரசு ஆவணங்களிலேயே அப்படித்தான் எழுதினார்கள்.

ஆளாகப் போருக்கு வர வேண்டும் என்ற கட்டாயத்தைப் புதிய அரசு பெரும்பாலும் வற்புறுத்தவில்லை. 1775 ஜூலையில் காலனிகளின் பொதுச் சபையான காங்கிரஸ், மத நம்பிக்கையால் ஆயுதம் ஏந்த முடியாதவர்களின் மனசாட்சியைப் பலவந்தப்படுத்த விரும்பவில்லை என்று தீர்மானம் போட்டது. கூடவே, அவர்கள் தாராளமாக உதவி செய்ய வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டது. 1776இல் வந்த பென்சில்வேனியா அரசியல் சட்டம் இன்னும் வெளிப்படையாகவே பேசியது: மனசாட்சிக் காரணத்தால் ஆயுதம் எடுக்க மறுப்பவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது, அவர் அதற்கு ஈடாகப் பணம் கொடுத்தால்.

'கொடுத்தால்.' சிக்கல் முழுவதும் அந்த ஒரு சொல்லில் உட்கார்ந்திருக்கிறது.

பணம்: சபைகள் பிரிந்த இடம்

1775 நவம்பரில் மெனோனைட்டுகளும் டங்கர்களும் சேர்ந்து காலனிச் சட்டமன்றத்துக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்தார்கள். மனித உயிரைக் காக்க உதவும் எதையும் செய்கிறோம். உயிரை அழிக்கவோ காயப்படுத்தவோ உதவும் எதையும் கொடுக்கவும் செய்யவும் எங்களுக்கு மனம் இடம் தரவில்லை என்பது அதன் சாரம். வரி கட்டத் தயார் என்றும் அதிலேயே சொன்னார்கள். "இராயனுடையதை (ரோமப் பேரரசனுடையதை) இராயனுக்கு" என்ற வசனம் அவர்களுக்குத் துணை. அதே மாதக் கடைசியில் 'சேராதவர்கள்' தலைக்கு 2 பவுண்டு 10 ஷில்லிங் கட்ட வேண்டும் என்று முடிவானது. அடுத்த ஆண்டு அது 3 பவுண்டு 10 ஷில்லிங் ஆனது.

இது வரியா, படைக்குப் போகாததற்கு அபராதமா, இல்லை நமக்குப் பதில் இன்னொருவனைச் சுடச்சொல்லிக் கொடுக்கும் கூலியா? பதில் சபைக்குச் சபை மாறியது.

குவேக்கர்கள் கறாரானவர்கள். வரி, அபராதம், மாற்றாள் கூலி எதுவும் கிடையாது. போர்ச் செலவுக்காக அச்சிட்டது என்பதால் காங்கிரஸின் காகிதப் பணத்தையே கையில் வாங்க மறுத்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். விளைவு, ஜப்தி: கட்டாத தொகைக்காக அதிகாரி வீட்டுக்கு வந்து பொருளைத் தூக்கிப்போவது. குதிரை, பசு, வைக்கோல், ஈயப்பாத்திரம் என்று எது அகப்பட்டதோ அது போனது. பெரும்பாலும் கட்ட வேண்டிய தொகையைவிடப் பொருளின் மதிப்பு அதிகம். குவேக்கர்கள் தடுக்கவில்லை. ஆனால் யார் வீட்டில் எந்த நாளில் என்ன போனது, மதிப்பு என்ன என்று சபைக் கணக்கில் அக்கறையாக எழுதிவைத்தார்கள். கதவைத் திறந்துவிட்டுக் கணக்கு மட்டும் எழுதும் இந்தப் பிடிவாதம் அதிகாரிகளுக்கு எவ்வளவு எரிச்சலாக இருந்திருக்கும்!

சபைக்குள்ளும் கண்டிப்பு உண்டு. துப்பாக்கி எடுத்த, அபராதம் கட்டிய உறுப்பினர்கள் நூற்றுக்கணக்கில் சபையிலிருந்து நீக்கப்பட்டார்கள். அப்படி நீக்கப்பட்ட சிலர் பிலடெல்ஃபியாவில் 'சுதந்திரக் குவேக்கர்கள்' என்று தனிச் சபையே தொடங்கினார்கள்.

மெனோனைட்டுகள் பொதுவாக வரி என்றால் கட்டுகிறவர்கள். இருந்தாலும் புதிய அரசின் போர் வரி அவர்களையும் பிளந்தது. ஃபிராங்கோனியா பகுதியில் கிறிஸ்டியன் ஃபுங்க் என்ற சபை மூப்பர், கட்டலாம் என்றார். அவர் வாதம் எளிமையானது: நாணயத்தில் இராயனின் முகம் இருந்ததால் அதை இராயனுக்குக் கொடுக்கச் சொன்னார் கிறிஸ்து, இப்போது நம் கையில் புழங்குவது காங்கிரஸின் பணம், அப்படியானால் காங்கிரஸுடையதைக் காங்கிரஸுக்குக் கொடுப்பதில் என்ன தவறு? மற்ற மூப்பர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ஃபுங்கைச் சபையை விட்டு நீக்கினார்கள். அவர் பின்னால் போனவர்கள் தனிச் சபையாகப் பல ஆண்டுகள் இருந்தார்கள்.

இதுவரை பார்த்தது: ஆள் வர வேண்டாம் என்று அரசு ஒத்துக்கொண்டது, பதிலுக்குப் பணம் கேட்டது. அந்தப் பணம் போரில் சேர்த்தியா இல்லையா என்பதில் சபைகளுக்குள் ஒரே குரல் இல்லை.

கையெழுத்து: எல்லாவற்றிலும் கடினமானது

1777 மார்ச்சில் கட்டாய ஊர்ப்படைச் சட்டம் வந்தது. 18 முதல் 53 வயது வரையுள்ள வெள்ளை இன ஆண்கள் பெயர் பதிய வேண்டும். மூன்று மாதத்தில், ஜூனில், அதைவிடக் கடுமையான இன்னொன்று: விசுவாச உறுதிமொழிச் சட்டம். 18 வயதைத் தாண்டிய ஒவ்வொரு வெள்ளை ஆணும் அதிகாரி முன் நின்று, மூன்றாம் ஜார்ஜ் அரசருக்கு இனி நான் கட்டுப்பட்டவன் அல்ல, பென்சில்வேனியா அரசுக்கே விசுவாசமாக இருப்பேன் என்று சொல்ல வேண்டும். சொல்லாதவருக்கு ஓட்டு இல்லை, பதவி இல்லை, கடனுக்காக வழக்குப் போட முடியாது, நிலம் வாங்கவோ விற்கவோ முடியாது. பின்னால் இரட்டை வரியும் சேர்ந்தது.

இவர்கள் ஏன் மறுத்தார்கள் என்று கேட்டால், "பரிச்சேதம் சத்தியம் பண்ணவேண்டாம்" என்ற வசனத்தைக் காட்டிப் பலர் நிறுத்திவிடுவார்கள். அந்த விளக்கம் பாதிதான். சத்தியம் செய்யாமல் வெறுமனே உறுதி கூறினாலும் போதும் என்று சட்டமே இடம் கொடுத்திருந்தது. தடை வேறு இடத்தில்.

ஒன்று, பழைய வாக்கு. 1727 முதல் கப்பலில் வந்த ஜெர்மானியர்கள் பிலடெல்ஃபியாவில் இறங்கியதும் பிரிட்டிஷ் அரசருக்கு விசுவாசமாக இருப்பதாக உறுதி கொடுத்துத்தான் உள்ளே வந்தார்கள். கொடுத்த வாக்கை எந்தக் காரணம் சொல்லித் திரும்ப எடுப்பது? இரண்டு, பெரிய சிக்கல். மேலான அதிகாரத்துக்குக் கீழ்ப்படி என்கிறது வேதம். எது மேலான அதிகாரம்? போர் முடியவில்லை. உறுதிமொழிச் சட்டம் வந்த மூன்றே மாதத்தில் பிலடெல்ஃபியாவையே பிரிட்டிஷ் படை பிடித்துக்கொண்டது. யார் ஜெயிப்பார் என்பது கடவுள் தீர்மானிக்கும் விஷயம் என்றால், அவர் தீர்ப்பதற்கு முன் நாம் கையெழுத்துப் போடுவது அந்தப் பக்கத்துக்குச் சண்டை போடுவதுதானே?

இதில் விவசாயிக்கே உரிய முன்ஜாக்கிரதையும் கலந்திருக்கும், நான் மறுக்கவில்லை. நாளைக்கு ராஜாவின் படை ஜெயித்துவிட்டால் இந்தக் கையெழுத்தே தூக்குக் கயிறாகலாம்.

நார்தாம்டன் மாவட்டத்தின் அப்பர் சாக்கனில் மெனோனைட் விவசாயிகள் சிலர் 1778இல் உறுதிமொழி சொல்ல மறுத்தார்கள். மாநிலத்தை விட்டே வெளியேற உத்தரவு. உடைமைகள் ஏலத்துக்குப் போயின. அந்தச் செப்டம்பரில் ஈவா யோடர், எஸ்தர் பாக்மன் என்ற இரு பெண்கள் சட்டமன்றத்துக்கு மனுக் கொடுத்தார்கள். படுக்கை, துணிமணி, வேதப் புத்தகம் வரை மாவட்டக் காவல் அதிகாரியான ஷெரிஃப் எடுத்து விற்றுவிட்டார். மனுவின் கணக்குப்படி மதிப்பு சுமார் 40,000 பவுண்டு. சில வீடுகளில் பிள்ளைகளுக்கு ஒரு துண்டு ரொட்டிகூட மிச்சமில்லை. வீட்டோடு சேர்த்துப் பொருத்தியிருந்த இரும்புக் கணப்பு அடுப்புகளையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். குளிர்காலம் வரப்போகிறது, பிள்ளைகளைக் கதகதப்பாக வைத்திருக்க வழியில்லை என்று எழுதினார்கள் அந்தத் தாய்மார்கள்.

சரி, ராஜாவின் ரகசிய ஆட்கள் என்ற பேச்சு? ஜெர்மன்டவுனில் கிறிஸ்டோஃபர் சௌவர் என்ற டங்கர் மூப்பர் பெயர்பெற்ற அச்சகம் நடத்தினார். 1778இல் அவரைக் கைது செய்து, உடைமை முழுவதையும் பறித்து விற்றார்கள். அவர் மகன்களோ, பிரிட்டிஷ் பிடியில் இருந்த பிலடெல்ஃபியாவில் ராஜாவுக்கு ஆதரவாகப் பத்திரிகை நடத்தினார்கள். அப்பா நடுநிலை, மகன்கள் ராஜா பக்கம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்ததில் ஆச்சரியமில்லை.

பொருள்: கேட்காமலே எடுத்துக்கொண்டது

போர் வாசலுக்கே வந்துவிட்டால் நடுநிலை விவசாயியின் கையில் இருப்பது கொஞ்சம்தான். 1777 டிசம்பரில் வாலி ஃபோர்ஜ் முகாமிலிருந்து அமெரிக்கப் படைத்தளபதி வாஷிங்டன் ஓர் ஆணை போட்டார். முகாமைச் சுற்றி 70 மைலுக்குள் உள்ள விவசாயிகள் பாதிக் கதிரைப் பிப்ரவரி 1க்குள்ளும், மீதியை மார்ச் 1க்குள்ளும் அடித்து வைத்துவிட வேண்டும். அடிக்காத கதிரைத் தானியத்தோடு சேர்த்து, வெறும் வைக்கோல் விலைக்கு எடுத்துக்கொள்வோம். அந்தப் பக்கம் பிலடெல்ஃபியாவில் பிரிட்டிஷார் தங்கமாகவே கொடுத்து வாங்கினார்கள். இந்தப் பக்கம் நாளுக்கு நாள் மதிப்பிழக்கும் காகிதம். கதிரடிக்கும் களத்தில்கூட நடுநிலையாக இருக்க விடவில்லை.

இன்னொரு காட்சி. எஃப்ராட்டா என்ற ஊரில் துறவிகள்போல வாழ்ந்த ஒரு ஜெர்மன் சமூகம், மெனோனைட்டுகள் கேட்டுக்கொண்டதால், 1748–49இல் ஒரு மாபெரும் புத்தகத்தை அச்சடித்தது. விசுவாசத்துக்காக எதிர்க்காமல் உயிர்விட்டவர்களின் வரலாறு. சுமார் 1,500 பக்கம். சுமார் 1,300 பிரதிகள். போர் வந்தபோது விற்காத பிரதிகள் கட்டப்படாத தாள்களாகக் கிடந்தன. அந்தக் காலத் துப்பாக்கிக்கு வெடிமருந்தையும் குண்டையும் காகிதத்தில் சுருட்டித்தான் திணிப்பார்கள். அமெரிக்கப் படைக்குக் காகிதப் பஞ்சம். அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு போனார்கள்.

உயிரைக் காப்பது மட்டும் எல்லாச் சபையாருக்கும் சம்மதமான வேலை. பெத்லகேமில் மொரேவியன் சகோதரர்கள் தங்கள் விடுதியையே படை மருத்துவமனையாக விட்டார்கள். 1777 செப்டம்பர் 11, வியாழக்கிழமை, பிராண்டிவைன் சண்டை. பர்மிங்காம் குவேக்கர்களின் ஆராதனைக் கூடத்தை அதற்கு முன்பே அமெரிக்கப் படை மருத்துவமனைக்கு எடுத்துக்கொண்டதால், அவர்கள் வண்டிச் சக்கரம் செய்பவரின் பட்டறையில் கூடினார்கள். ஆராதனைக்கு நடுவிலேயே பிரிட்டிஷ் படை வந்துவிட்டது. ஜோசப் டவுன்செண்ட் என்ற 21 வயதுக் குவேக்கர் இளைஞர் அன்று கண்டதைப் பின்னாளில் எழுதிவைத்தார்: ஆராதனைக் கூடத்தின் கதவுகளைப் பெயர்த்து, அடிபட்டவர்களை அதன்மேல் கிடத்தி உள்ளே தூக்கிப்போனார்கள்.

ஒரே சபை, வேறு விலை

இந்தப் போரில் இதுவரை சொன்னவர்கள் இழந்தது பசு, அடுப்பு, புத்தகம், நிலம். எல்லோரும் ஐரோப்பிய வம்சத்தவர். அதே எதிர்த்து நில்லாமையைக் கடைப்பிடித்த பூர்வகுடிகளுக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

ஒஹாயோவில் 1772இல் உருவான கிராமம் ஞாடன்ஹூட்டன். பெயருக்குக் 'கிருபையின் குடில்கள்' என்று பொருள். மொரேவியன் சபையில் சேர்ந்த லெனாப்பி என்ற பூர்வகுடி மக்களின் ஊர். பிரிட்டிஷ் கூட்டாளிகள் இவர்களை அமெரிக்கர்களின் ஒற்றர்கள் என்றார்கள். அதிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. மிஷனரி டேவிட் ஸைஸ்பெர்கர் அமெரிக்கக் கோட்டைக்கு ரகசியமாகத் தகவல் அனுப்பினார். 1781 இலையுதிர் காலத்தில் அந்த பிரிட்டிஷ் கூட்டாளிகள் ஊர் மக்களைக் கட்டாயமாக வடக்கே சாண்டஸ்கி பக்கம் ஓட்டிக்கொண்டு போனார்கள். அங்கே பட்டினி. விட்டுவந்த வயலில் சோளம் இன்னும் நிற்கிறதே என்று ஒரு பகுதியினர் 1782இல் அறுக்கத் திரும்பினார்கள்.

அப்போது பென்சில்வேனியா ஊர்ப்படை அங்கே வந்தது. எல்லையில் நடந்த தாக்குதல்களுக்கு இவர்களே காரணம் என்று சொல்லி, கொல்வதா வேண்டாமா என்று ஓட்டுப் போட்டது. சிலர் மறுத்து விலகினார்கள். பெரும்பான்மை கொல்லச் சொன்னது. லெனாப்பி மக்கள் அந்த இரவு முழுவதும் ஜெபித்தும் பாடியும் கழித்தார்கள். மார்ச் 8 அன்று 96 பேரைக் கொன்றார்கள். அதில் 39 பேர் குழந்தைகள். தப்பியவர்கள் இரண்டு சிறுவர்கள்.

பெத்லகேமில் இருந்த வெள்ளை மொரேவியனுக்கு அபராதம் கட்டித் தப்பிக்கவாவது வழி இருந்தது. ஞாடன்ஹூட்டனில் யாரும் பணம் கேட்கவில்லை, கையெழுத்தும் கேட்கவில்லை.

போருக்குப் பிறகு

1783இல் போர் முடிந்தது. உறுதிமொழிச் சட்டங்கள் உடனே போகவில்லை, 1789இல்தான் நீங்கின. யார் மேலான அதிகாரம் என்ற கேள்விக்கு அதற்குள் பதில் கிடைத்துவிட்டதால், மெனோனைட்டுகளும் டங்கர்களும் புதிய அரசுக்கும் பழையபடியே வரி கட்டிக்கொண்டு உழுதார்கள்.

சிலர் 1786 முதல் சரக்கு வண்டி கட்டிக்கொண்டு வடக்கே, இன்றைய கனடாவின் ஒன்டாரியோவுக்குப் போனார்கள். அங்கே நிலம் மலிவு என்பதுதான் பெரிய காரணம்; போர்க்கால நினைவுகளும் உடன் போயிருக்கும். 1793இல் அங்கே வந்த ஊர்ப்படைச் சட்டம் குவேக்கர், மெனோனைட், டங்கர் மூவரையும் பெயர் சொல்லியே விலக்கியது. கட்டணத்தையும் கையோடு எழுதிவிட்டார்கள்: அமைதிக் காலமானால் ஆண்டுக்கு 20 ஷில்லிங், போர்க் காலமானால் 5 பவுண்டு.